ஒரு விசேஷத்துக்கும் தள்ளி நிற்காத பெண்

ரேவதி, பிரவீன், ரெண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து இதைப் படியுங்கள். பிரவீன், "இது அக்கா சமாச்சாரம், எனக்கு எதுக்கு" என்று போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடாதே. நாளைக்கு உனக்கும் ஒரு வீடு, ஒரு பெண்டாட்டி, ஒரு பெண்குழந்தை என்று வரும்.

நான் பத்தாவது தாண்டாதவன். மஸ்கட்டில் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். எழுதி வழக்கமில்லை. போன வாரம் வீடியோ காலில் ரேவதிதான், "எழுதுப்பா, ஊருல நாலு அப்பாங்க படிக்கட்டும்" என்றாள். "உன் பேரைப் போட்டா?" என்று கேட்டேன். "போடுப்பா. நான் இன்னா தப்பா பண்ணிட்டேன்?" என்றாள். அதனால் ரேவதி, உன்னோடு பேசுகிற மாதிரியே எழுதுகிறேன். பிரவீன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளட்டும்.

1

இங்கே ஆடி பிறந்தது எனக்கு ரூம் சுவரில் மாட்டின தினசரி காலண்டரைப் பார்த்துத்தான் தெரிந்தது. வெளியே அனல். விடியறதுக்கு முன்னே பஸ்ஸை எடுத்து ஆட்களை சைட்டில் இறக்கிவிட்டால், சாயந்திரம் வரைக்கும் ஏதாவது ஒரு நிழல் தேடி வண்டியைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் மனசு மந்தைவெளிக்குப் போய்விடும். இப்போது நம் தெருவில் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். வீட்டுக்கு வீடு வேப்பிலை சொருகியிருப்பார்கள். போன ஆடிக்கு நானும் அங்கே இருந்தேன்.

உங்கள் சரோஜா அத்தையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். என் கூடப் பிறந்த அக்கா. நம் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருக்கிறாள். அம்மன் கோயில் விசேஷம் என்றால் பெண்களைச் சேர்ப்பது, யார் முளைப்பாரி, யார் பால்குடம் என்று முடிவு செய்வது எல்லாம் அவள்தான். ஒவ்வொரு விசேஷத்துக்கும் கடைசி நேரத்தில் ஒருத்தி, "அத்தே, நான் தூரம், என்ன வுட்ரு" என்று ஒதுங்குவாள். மாதவிலக்கு வந்த பெண் குடத்தைத் தொடக்கூடாது, அதுதான் நம் தெரு வழக்கம். உடனே அத்தை, "ரேவதியக் கூப்புடு" என்பாள்.

ஏனென்றால் நீ ஒதுங்கினதே இல்லை. சடங்கு சுற்றி ஒன்றிரண்டு வருஷத்துக்குப் பிறகு, எந்த விசேஷத்துக்கும் உனக்குத் தடை வந்ததில்லை. வளைகாப்புக்குத் தட்டு எடுக்க நீ. கல்யாணத்தில் ஆரத்தி சுற்ற நீ. ஆடிக்குப் பால்குடம் நீ. அத்தை எனக்கு போன் போட்டுச் சொல்வாள்: "குமாரு, உம் பொண்ணு ஒரு விசேஷத்துக்கும் தள்ளி நின்னதில்லடா. ஆத்தா அவளுக்குன்னு நாள் பாத்து வெச்சிக்கீறா."

கேட்கக் கேட்க எனக்குப் பெருமையாக இருக்கும். ரூமில் இருக்கிறவர்களிடமும் சொல்லியிருக்கிறேன், என் பெண் ராசிக்காரி என்று. நம் வீட்டில் யாரும் வேறு மாதிரி நினைக்கவில்லை. நீ பரீட்சை டென்ஷன் என்று நினைத்தாய். உன் அம்மா, வயசுப் பிள்ளைக்கு முன்னே பின்னேதான் வரும் என்று நினைத்தாள். வந்தால்தானே விசேஷம் கெடும்? வராததை யார் கணக்கில் வைப்பார்கள்?

உடம்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஊதிக்கொண்டு வந்தது. கழுத்தில் கறுப்பு படர்ந்தது. வீடியோ காலில் நீ துப்பட்டாவை மோவாய் வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு பேசுவாய். "ஏன்டா கண்ணு, குளிரா?" என்று கேட்டால், "ஏ.சி.ப்பா" என்பாய். நம் வீட்டில் ஏது ஏ.சி.? எனக்கு அது கூட உறைக்கவில்லை.

2

என் ரூமில் பாஷா பாய் என்று ஒருத்தர் இருக்கிறார். ராயப்பேட்டைக்காரர், கம்பெனி மெஸ்ஸில் சமையல். மந்தைவெளியிலிருந்து ராயப்பேட்டைக்கு நடந்தே போய்விடலாம், ஆனால் ஊரில் ஒருதரம் கூட நாங்கள் பார்த்துக்கொண்டதில்லை. இங்கே வந்து ஒரே ரூம், ஒரே ஃபேன்.

ஒரு நாள் உங்கள் அம்மாவோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பாய் எட்டிப் பார்த்தார். அம்மாவுக்குப் பின்னால் ஃபிரிட்ஜ் மேலே ஒரு மாத்திரை அட்டை.

"இன்னா நைனா, அது என் மாத்திரையாச்சே! உன் ஊட்டுக்கு எப்டிப் போச்சி?"

"இன்னா மாத்திரை பாய்?"

"சுகர் மாத்திரை. மெட்ஃபார்மின். அந்த அட்டைய தூக்கத்துல காட்னா கூட சொல்வேன். உன் சம்சாரத்துக்கு சுகரா?"

போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தேன். "மல்லிகா, யாருக்கு சுகர்?" என்றேன்.

"யாருக்கும் இல்ல. அது சத்து மாத்திரை."

"அப்போ பாஷா பாயும் சத்துக்குத்தான் சாப்புட்றாரா?"

போன் ஆடியது. மேல் கூரை தெரிந்தது, அப்புறம் உன் முகம்.

"அப்பா, அது என்னுது. எனக்கு சுகர் இல்ல. நான் எல்லாம் சொல்றேன். ஆனா நீ நடுவுல ஐயோன்னு சொல்லக்கூடாது. சொன்னா கட் பண்ணிடுவேன்."

பாஷா பாய் வெங்காயத் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து வெளியே போனார். கதவையும் சாத்திவிட்டுப் போனார். அந்த மனுஷருக்கு அந்த மரியாதை தெரிந்திருந்தது. அதை நான் மறக்கவில்லை.

நீ சொன்னாய். பல மாசம் வராமல் இருந்து, திடீரென்று வந்தது, வந்தது நிற்கவே இல்லை. காலேஜிலிருந்து வரும்போது பஸ்ஸிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாய். அம்மாவும் அத்தையும் உன்னை கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அப்பாவுக்குச் சொன்னால் வண்டி ஓட்டுகிற இடத்தில் நிம்மதி போய்விடும் என்று மறைத்துவிட்டார்கள். கடைசி வரைக்கும் கேட்டேன். ஐயோ என்று மட்டும் சொல்லவில்லை. நீயே சாட்சி.

3

ஆஸ்பத்திரியில் நடந்ததை நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அப்புறம் வந்தது.

டாக்டரம்மா கேட்டார்களாம்: "இதுக்கு முன்னாடி கடைசியா எப்ப வந்துச்சு?"

உனக்குத் தேதி தெரியவில்லை. அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை விரல் மடக்கி ஆரம்பித்தாளாம். "ஆடிக்கு இவதான் குடம் எடுத்தா, அப்ப இல்ல. புரட்டாசில மாவிளக்கு போட்டா, இல்ல. கார்த்திகைக்கு எங்க நாத்தனார் பொண்ணு வளைகாப்பு, இவதான் தட்டு எடுத்தா, அப்பவும் இல்ல. பொங்கலுக்குப் பானை வெச்சதே இவதான். ஒண்ணுத்துக்கும் தள்ளி நின்னதில்ல டாக்டரம்மா, அவ்ளோ ராசி."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார்களாம். "அம்மா, ஆடியிலேர்ந்து பொங்கல் வரைக்கும் இந்தப் பொண்ணுக்கு வரவே இல்லைன்னு சொல்றீங்க. அதையும் சந்தோஷமா சொல்றீங்க."

அத்தை மடக்கின விரலை விரிக்கவே இல்லையாம்.

அதற்கப்புறம்தான் ரத்தப் பரிசோதனை. தைராய்டு இருக்கிறதா, சர்க்கரை எப்படி, ஹார்மோன் எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். மோவாயில் வளர்கிற முடி, முகப்பரு, கழுத்துக் கறுப்பு எல்லாவற்றையும் கேட்டார்கள். நீ வெட்கப்பட்டு மறைத்த ஒவ்வொன்றும் அவர்களுக்கு ஒரு தடயமாக இருந்தது. எல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் பி.சி.ஓ.எஸ். என்று சொன்னார்கள். சினைப்பையில் நீர்க்கட்டி என்று நம் ஊரில் சொல்கிறார்களே, அது.

கட்டி என்ற வார்த்தையைக் கேட்டதும் அத்தை அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாளாம். டாக்டரம்மா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார்கள்: "பேருதான் கட்டி. மாசாமாசம் ஒரு முட்டை முழுசா வளர்ந்து வெளிய வரணும். இவளுக்கு நிறைய முட்டை சின்னச் சின்னதா கிளம்பி பாதியிலேயே நின்னுடுது. ஸ்கேன்ல தெரியறது அதுதான். யாரும் வெட்டி எடுக்கப்போறதில்ல. ஆனா மாசக்கணக்கா வராம விட்டா கர்ப்பப்பை உள்ள தடிச்சிக்கினே போகும், அது ஆபத்து. ஒரேயடியா போற விஷயம் இல்ல இது. கட்டுப்பாட்டுல வெச்சிக்கலாம்."

"கொழந்த பொறக்குமா?" என்று அத்தை கேட்டாள். கேட்காமல் இருப்பாளா?

"எத்தனையோ பேர் பெத்து வளர்க்கறாங்க. அந்தக் கவலை அப்பறம். மொதல்ல இந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும்" என்றார்களாம். அந்த அம்மாவின் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் இங்கே பஸ்ஸை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கும்போது பல தடவை மனசுக்குள் கும்பிட்டிருக்கிறேன்.

பாய் சாப்பிடுகிற மாத்திரை உனக்கு எதற்கு என்றும் அப்போதுதான் புரிந்தது. சர்க்கரையைக் கையாளுகிற இன்சுலின் உன் உடம்பில் சரியாக வேலை செய்யவில்லை, அதைச் சரிக்கட்டத்தான். இது போக, மாதவிலக்கை வரவழைக்க, இடைவெளி விட்டுப் போடுகிற ஒரு ஹார்மோன் மாத்திரை. தினமும் வேகமாக நடக்க வேண்டும். சோறு குறைய வேண்டும், காயும் பயறும் கூட வேண்டும்.

அப்புறம் நம் வீடே மாறிவிட்டது. அம்மா தனக்கும் சேர்த்துச் சோற்றைக் குறைத்தாள், உன் தட்டு மட்டும் தனியாகத் தெரியக்கூடாது என்று. வாரா வாரம் கேசரி கிண்டிக் கொடுத்துவிடுகிற அத்தை, சுண்டலுக்கு மாறினாள். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்க விடிகாலையில் போய் நிற்பதும் அத்தைதான், முட்டி வலியோடு. பிரவீன், நீ ஒருதரம் அக்காவை "மீசைக்காரி" என்று கூப்பிட்டாயாம். எனக்குத் தெரியும். அதற்கப்புறம் நீயே விடிகாலையில் அவளை எழுப்பி, பட்டினப்பாக்கம் கடற்கரைக்கு நடக்கக் கூட்டிப்போனாய் என்பதும் எனக்குத் தெரியும். ரெண்டாவதைத்தான் நான் ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

நான் லீவு கேட்டேன். முறைப்படி இன்னும் நாள் இருந்தது. சூப்பர்வைசர் பாகிஸ்தான்காரர், பெரிய ஆகிருதி. "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று இந்தியில் கேட்டார். "பேட்டி" என்றேன், மகள் என்று. "என்ன வியாதி?" என்றார். என் இந்தி பெட்ரோல் பங்குக்கும் செக்போஸ்ட்டுக்கும்தான் போதும். தமிழில் கேட்டிருந்தாலும் ஒரு ஆம்பளையிடம் எனக்குச் சொல்ல வந்திருக்காது. போனில் நீ அனுப்பின அந்த நாலு இங்கிலீஷ் எழுத்தைக் காட்டினேன். அவர் பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டே, தன் சின்னப் பெண்ணுக்கும் அதுதான் என்றார். அவ்வளவுதான் பேச்சு. லீவு பேப்பரில் கையெழுத்துப் போட்டு, ஆபீஸில் இருந்த என் பாஸ்போர்ட்டையும் அவரே வாங்கிக்கொடுத்தார்.

4

நான் வந்து சேர்ந்தபோது டாக்டரம்மா ஒரு புது விஷயம் சொல்லியிருந்தார்கள். உன் எடை இறங்கியிருக்கிறது, ரத்தமும் பரவாயில்லை. அதனால் இந்தத் தடவை வரவழைக்கிற மாத்திரையை நிறுத்திவிட்டுப் பார்க்கலாம். தானாக வருகிறதா பார்க்க வேண்டும். வேறு எந்த ஹார்மோன் மாத்திரையும் நடுவில் தொடக்கூடாது. தானாக வந்தால், உடம்பு திரும்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டில் எல்லோரும் அதற்காகத்தான் காத்திருந்தோம். நீ பாத்ரூம் போய் வந்தால் அம்மா உன் முகத்தைப் பார்ப்பாள். நான் அம்மா முகத்தைப் பார்ப்பேன்.

ஆடி மாசம், ஞாயிற்றுக்கிழமை பால்குடம். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை அத்தை வந்தாள். புடவை முந்தானையில் முடிந்து வைத்திருந்த மாத்திரையை எடுத்து உன் கையில் வைத்தாள்.

"இன்னா அத்த இது?"

"தள்ளிப்போட்ற மாத்திர. இன்னிலேர்ந்து போட்டுக்கோ. நீ வைத்தியம் பாத்துக்கினு கீற, எப்ப வரும்னு சொல்ல முடியாது. குடத்தன்னிக்கு வந்துட்டா இன்னா பண்றது? தெருவுல பாதிப் பேரு இதான் போட்றாளுங்க."

"டாக்டர் எதையும் போடக்கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க அத்த."

"டாக்டருக்கு ஆத்தாவப் பத்தி இன்னாடி தெரியும்? உனக்கு ஒடம்பு சரியாவணும், மூணு வருசம் குடம் எடுப்பான்னு நான்தான வேண்டிக்கினேன். எடுக்காம வுட்டா தெய்வகுத்தம் ஆவாதா?"

"சரியாச்சான்னே இன்னும் தெரியலயே அத்த. அதத்தான் பாக்கறோம். இத முழுங்கிட்டா, தானா வருமா வராதான்னு யாருக்குமே தெரியாமப் பூடும்."

அத்தை என்னைப் பார்த்தாள். நீயும் என்னைப் பார்த்தாய். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். என் அக்கா பேச்சை நான் தட்டினதில்லை. நான் இல்லாத வீட்டை அவள் தாங்கினாள். உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினவள் அவள்.

"வேணாம்க்கா" என்றேன்.

"இன்னாடா வேணாம்?"

"மாத்திர வேணாம். வர்றப்ப வரட்டும்."

"குடத்தன்னிக்கு வந்தா?"

"வந்தா நமக்கு அன்னிக்குத்தான் பொங்கல்."

"தோ பாரு மல்லிகா! கப்பல் ஏறிப் போனவன் வெக்கத்தயும் அங்கயே எறக்கிட்டு வந்துட்டான். ஆம்பள பேசற பேச்சா இது?"

"ஆஸ்பத்திரிக் கூட்டத்துல நான் நிக்கலியேக்கா. நீதான நின்ன, முட்டிய புடிச்சிக்கினு. நீ நின்னதுக்குப் பலன் கெடச்சிதான்னு தெரிய வேணாமா?"

அத்தை உன் கையிலிருந்த மாத்திரையை எடுத்து மறுபடியும் முந்தானையில் முடிந்துகொண்டாள். அம்மா நீட்டின டீயை வாங்காமல் போய்விட்டாள்.

புதன் போனது. வியாழன் போனது. அத்தை நம் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. உனக்கும் ஒன்றும் வரவில்லை. வராமலே போய்விட்டால், பழையபடி மாத்திரை. அது ஒன்றும் உலகம் முடிகிற விஷயம் இல்லை என்று நீயே எனக்குச் சமாதானம் சொன்னாய். சொல்லிவிட்டு நகத்தைக் கடித்தாய்.

5

வெள்ளிக்கிழமை சாயந்திரம் டி.நகர் போய் ரூம்காரர்களுக்குக் கைலி வாங்கிக்கொண்டு திரும்பினேன். நீ வாசலிலேயே நின்றாய்.

"அப்பா, வந்துடுச்சி."

"எது, கொரியரா?"

"கொரியராம்! யம்மா, இந்த அப்பாவ இன்னா பண்றது?"

உள்ளேயிருந்து அம்மா, "மெதுவாடி, கீழ்வீட்டுக்காரங்க காதுல வுழப்போவுது" என்று அதட்டினாள். அதட்டுகிற குரலா அது? அழுகையும் சிரிப்பும் ஒன்றாக இருந்தது. நான் கைலிப் பையை மார்போடு பிடித்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சொல்லியனுப்பினதும் அத்தை வந்தாள். உள்ளே வராமல் நிலைப்படியில் நின்றாள்.

"தானாவா?"

"தானா அத்த."

"ஒண்ணும் முழுங்காம?"

"ஒண்ணுமே முழுங்காம."

அவ்வளவுதான், பாய்ந்து வந்து உன் கன்னத்தை ரெண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். முறித்த பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. "ஐயய்யோ, தொட்டுத் தொலச்சிட்டனே! வெளக்கு வெக்கற நேரத்துல என்னத் தலைக்கு ஊத்த வெச்சிட்டா பாரு இவ." திட்டிக்கொண்டே உன்னை இன்னொரு தரம் கட்டிக்கொண்டாள். "எப்டியும் குளிக்கத்தான போறேன்" என்றாள். வேண்டுதலைப் பற்றி அப்புறம் அவளே வழி சொன்னாள். "மூணு வருசம்னுதான வேண்டிக்கினேன், எந்த வருசத்துலேர்ந்துன்னு சொல்லலியே. அடுத்த வருசம் எடுப்பா. ஆத்தா இன்னா ஓடியா போயிடுவா?"

இந்த ஒரு வருஷமும் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நடுவில் தள்ளிப்போனது, மறுபடி மாத்திரை போட்டாய். மோவாய் முடிக்கு இன்னும் பார்லர் போகிறாய். சில நாள் நடக்கப் பிடிக்காமல் போர்வைக்குள் ஒளிகிறாய் என்று பிரவீன் கோள் சொல்கிறான். ஆனாலும் என்னோடு பேசும்போது துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொள்வதில்லை. எப்போது வந்தது, எப்போது வரவில்லை என்று எனக்கே மெசேஜ் போடுகிறாய். எத்தனை அப்பாவுக்கு அப்படி ஒரு மெசேஜ் வரும்? அது வந்தால் நான் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டுத்தான் படிப்பேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஊர்வலத்துக்குப் போய்விட்டார்கள். உனக்கென்று வைத்திருந்த குடத்தை அம்மா எடுத்தாள். பிரவீன் தண்ணீர் பாக்கெட் கொடுக்கப் போய்விட்டான். நீ வயிற்று வலியில் வெந்நீர்ப் பையை அணைத்துக்கொண்டு தூங்கிவிட்டாய். கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு நான் கீழே இறங்கினேன். கடையில் ஒரு தேங்காய் வாங்கிக்கொண்டு முச்சந்திப் பிள்ளையாரிடம் போனேன். விசாவுக்கு, வேலைக்கு, பிரவீன் பாஸானதற்கு எல்லாம் அவருக்குத் தேங்காய் விட்டிருக்கிறேன். இதற்கு என்ன சொல்லி விடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். தெருவில் ஒரு ஆள் இல்லை.

"எம் பொண்ணுக்கு வந்துடுச்சி சாமி, தானா" என்று வாய்விட்டே சொன்னேன். ஓங்கி அடித்தேன். நன்றாகச் சிதறியது. பொறுக்க ஒருத்தரும் வரவில்லை. ஒரு சில்லு உருண்டு போய் சாக்கடை மூடி மேல் நின்றது. செருப்பை மாட்டிக்கொண்டு, நீ எழுந்துவிடப் போகிறாயே என்று வேகமாக வீட்டுக்கு நடந்தேன்.